பிரெஞ்சுப் படக் கதைகளும் தோட்டத்துத் தமிழரும்

"பிரெஞ்சுப் படத்துக்கும் பால்மரக் காட்டுக்கும் என்ன சம்பந்தம்?" சென்ற திங்கள் சிரம்பானிலிருந்து மந்தினுக்கு வந்திருந்த நண்பர் ஒருவர் நம்மை இவ்வாறு வினவினார். நம் கிராணி வீட்டில் இளைஞர் சிலர் கூடிப் பிரெஞ்சுப் படம் ஒன்றைப் பார்த்தோம் என்று கேள்வியுற்றே அவர் அங்ஙனம் கேட்டனர். அன்று நாம் சிரித்து மழுப்பினோம். பின்னர் ஓய்ந்திருந்து எண்ணிப் பார்க்குங்கால், அவ்வினாவுக்கு விடை ஒன்றன்று, பல உள என்று புலப்பட்டது. அவற்றுட் சில இனிப்பானவை. ஒன்று மிகவும் கசப்பானது.

படக்காட்சி பிறந்த நாளிலிருந்தே தொடங்குவோம். 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள், பாரிசு மாநகரில் ஓர் உணவு விடுதியின் நிலவறைக் கூடத்தில், லூமியேர் உடன்பிறந்தார் இருவரும் பொதுமக்களிடம் காசு பெற்றுப் படங்காட்டினர். அன்று காட்டியவற்றுள் முதலாவது எது? தேவர் கதையுமன்று, மன்னர் கதையுமன்று. லியோன் நகரத்தில் அவர்களுக்கிருந்த புகைப்படத் தகட்டுத் தொழிற்சாலையின் கதவு திறக்கிறது. வேலை முடிந்த பெண்களும் ஆண்களும் வெளியே வருகின்றனர். இடையே ஒரு நாயும் ஓடுகிறது. ஒரு நிமிடத்துக்குங் குறைந்த அந்தப் படம் அவ்வளவில் முடிந்துவிடுகிறது. பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறும் வாளியைக் கையில் ஆட்டிக்கொண்டு லயத்துக்குத் திரும்பும் நம் பெண்டிரைக் கண்டவர்க்கு இப்படம் புதிதாகத் தோன்றாது. உலகத்துச் சினிமாவின் முதற் பாத்திரம் கூலிக்கு உழைத்தவன் என்பதை நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்?

அங்குத் தொடங்கிய கதை பல கிளைகளாகப் பிரிந்தது. மெலியே என்னும் செப்பிடு வித்தைக்காரர் 1902-இல் சந்திரனுக்கே மாந்தரை அனுப்பிப் படமெடுத்தார். பாத்தே கம்பெனியார் இயேசுநாதர் வரலாற்றை வண்ணந்தீட்டி விற்றனர். திருடன் கதை, சிரிப்புக் கதை, வீட்டுக் கதை எல்லாம் அடுத்தடுத்து வந்தன. பின்னாளில் ழான் ரெனுவார் என்னும் இயக்குநர், தென் பிரான்சின் கல்லுடைக்கும் குழியில் வேலை செய்ய வந்த இத்தாலியத் தொழிலாளி ஒருவனது காதலையும் சாவையும் 'தோனி' என்ற பெயரால் 1935-இல் படமாக்கினார். பிழைப்புத் தேடி எல்லை கடந்த கூலிக்காரன் ஒரு படத்துக்குத் தலைவனாதல் கூடும் என்று அந்நாட்டார் அக்காலத்திலேயே கண்டுகொண்டனர்.

நம்மவர் கையில் இக்கலை எங்ஙனம் வந்தது? அதற்கும் ஒரு பிரெஞ்சுக்காரரே வழியாயினர். துய்ப்போன் என்பார் ஊர் ஊராகப் படங்காட்டிக்கொண்டு திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். அவருடைய கருவியையும் படச்சுருள்களையும் 1905-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் தமிழர் விலைக்கு வாங்கினார். அவர் ரயில்வே அலுவலகத்தில் வரைபடம் எழுதிக்கொண்டிருந்தவர். மேசையடியிற் குனிந்து காலங்கழிக்கும் நம் வருக்கத்தார்க்கு இஃதோர் சிறு பெருமை! அவர் வேலையை விட்டுக் கூடாரமடித்து ஊரூராய்ச் சென்று படங்காட்டினார். பின்னர் 1914-இல் கோயமுத்தூரில் நிலையான கொட்டகை ஒன்றை நிறுவி, அதற்கு 'வெரைட்டி ஹால்' என்று பெயரிட்டார். வெரைட்டி என்றால் பலவகை. பெயர் பலவகையேயாயினும், தமிழர் தாமே படமெடுக்கத் தொடங்கிய பின்னர் நெடுநாள் வரை கதை ஒருவகையாகவே இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. 1931-இல் 'காளிதாஸ்' பேசிய நாள்முதல் பத்தாண்டுகள் புராணமும் அற்புதமும் பாட்டுமாகவே பெரும்பாலும் கழிந்தன. புராணக் கதை தெரியாத ஒருவனும் நம்மில் இலன். தெரிந்த கதையையே திரும்பத் திரும்பக் காசு கொடுத்துக் கண்டோம்.

இந்நிலை மாறியதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் பிரெஞ்சுக் கதையும் ஒன்று என்பதே நாம் ஈண்டுச் சொல்ல வருவது. சேலம் மாடர்ன் தியேட்டர்சார் 1940-இல் வெளியிட்ட 'உத்தம புத்திரன்' படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் பூண்டு நடித்தாரன்றோ? அக்கதையின் வேர், அலெக்சாந்தர் தூமா எழுதிய இரும்பு முகமூடிக் கதையில் உள்ளது. 1949-இல் வந்த அண்ணாதுரையின் 'வேலைக்காரி'யில், தந்தையைச் சாகடித்த செல்வனைப் பழிவாங்க வேறு பெயரோடு வந்து சேரும் ஆனந்தனிடத்தும், தூமாவின் மாண்டி கிறிஸ்டோ பிரபுவின் சாயலைத் திறனாய்வோர் காட்டுவர். ஆயினும் நம் தோட்டங்களில் ஆழமாக ஊன்றி நின்றது இவ்விரண்டுமல்ல. 'ஏழை படும் பாடு' தான்.

விக்தோர் யூகோ எழுதிய 'லே மிசெராப்ளே' என்னும் பெருநூலை, புதுச்சேரியில் வாழ்ந்து பிரெஞ்சு கற்ற சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' எனத் தமிழாக்கினார். அதனைக் கோவைப் பட்சிராஜா ஸ்டூடியோவார் 1950-இல் படமாக எடுத்தனர். கே. ராம்நாத் இயக்கினார், நாகையா நடித்தார். தமக்கையின் குழந்தைகள் பசித்திருக்கப் பொறாது ஒரு ரொட்டியைத் திருடியவன், பத்தொன்பது ஆண்டு சிறையிற் கிடந்து வெளிவருவதே யூகோ சொன்ன கதை. அவனைக் காலமெல்லாம் விடாது துரத்தும் போலீசுக்காரனாக வந்த சீதாராமன், அப்படத்துக்குப் பின் இறுதிவரை 'ஜாவர்' சீதாராமன் என்றே வழங்கப்பட்டார். ஒரு பிரெஞ்சு நாவலாசிரியன் படைத்த பெயர் ஒரு தமிழ் வழக்கறிஞருக்கு அடைமொழியாக ஒட்டிக்கொண்டது விந்தையன்றோ!

நம் பாட்டியார் இப்படத்தைத் தோட்டத்துத் திடலில் கண்டவர். இரண்டு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டுவார்கள். துரைக்கும் கிராணிமார்க்கும் முன்னே நாற்காலி. மற்றையோர்க்குச் சாக்கும் பாயும். துணிக்குப் பின்புறம் உட்கார்ந்தவர்க்கு எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியுமாம். எழுத்தறியாதவர்க்கு அதனால் நட்டமில்லை என்று பாட்டியார் சிரிப்பார். வெள்ளிப் பாத்திரத்தைத் திருடியவனைப் போலீசார் பிடித்துக் கொணர, 'நானே கொடுத்தேன்' என்று பெரியவர் காப்பாற்றும் இடம் வந்ததும் திடல் முழுதும் அழுததாம். அது பிரெஞ்சுக் கதை என்று பாட்டியார்க்குத் தெரியாது. நாம் ஆங்கிலவழிப் பள்ளியிற் படித்துக் கண்டறிந்து அவரிடம் சொன்னபோது, "அங்கேயும் பசி இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இருக்கிறது. அதனாற்றான் பிரெஞ்சுக்காரரே அந்நூலை விடாது திரும்பத் திரும்பப் படமெடுத்து வருகின்றனர். 1934-இல் ரெமோன் பெர்நார் மூன்று பாகங்களாக எடுத்தார். 1958-இல் ழான் கபேன் நடிக்க மற்றொன்று வந்தது. 2019-இல் லாஜ் லீ என்னும் இயக்குநர், யூகோவின் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, பாரிசின் புறநகராகிய மோன்பெர்மெய்யில் ஆப்பிரிக்க, அராபிய வழிவந்த சிறுவர்க்கும் போலீசாருக்கும் நிகழும் போராட்டத்தைப் படமாக்கினார். அவர் தாமே மாலி நாட்டிலிருந்து வந்த பெற்றோர்க்குப் பிறந்தவர். பழைய தலைப்பினுள் புதிய ஏழை குடியேறிவிட்டான். இதுவே அந்நாட்டுக் கதைகளில் நாம் மெச்சும் பண்பு.

இனிக் கசப்பான பகுதிக்கு வருவோம்.

இந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் ஆங்கிலத் துரைமார் மட்டுமல்லர், பிரெஞ்சுத் துரைமாரும் இருந்தனர். சிலாங்கூரில் தோட்டம் போட்ட ஆன்ரி போகோன்னியே, தோட்ட வாழ்வை வைத்து எழுதிய 'மலேசீ' என்னும் நாவலுக்கு 1930-இல் கொன்கூர் பரிசு பெற்றார். அவருக்குப் பின் 1936-இல் பியேர் பூல் என்னும் இளம் எஞ்சினியர் தோட்டத்துரையாக மலாயாவுக்கு வந்தார். போர் மூண்டபின் படையிற் சேர்ந்து, இந்தோசீனத்திற் பிடிபட்டுச் சிறையிருந்து தப்பியவர் அவர். அவரே 1952-இல் 'குவாய் நதிப் பாலம்' என்னும் நாவலை எழுதினார். 1957-இல் டேவிட் லீன் அதை ஆங்கிலப் படமாக்கினார். ஆற்றுக் காட்சிகள் இலங்கையில் கித்துல்கலையில் எடுக்கப்பட்டன. ஏழு ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. திரைக்கதைக்கான பரிசு பூலுக்கே சென்றது. உண்மையில் எழுதியவர்களோ, அரசியற் காரணத்தால் பெயர் மறைக்கப்பட்ட கார்ல் போர்மனும் மைக்கேல் வில்சனும். அவர்களுக்குரிய சிறப்பு அவர்கள் இறந்தபின் 1984-இல்தான் வழங்கப்பட்டது. உழைப்பு ஒருவரது, பெயர் ஒருவரது என்னும் வழக்கம் தோட்டத்தில் மட்டுந்தான் உண்டு என்று நாம் எண்ணியிருந்தோம்!

குவாய் நதிப் பாலம் எந்தப் பாதையிலுள்ளது? 1942-இலும் 1943-இலும் ஜப்பானியர் கட்டிய சயாம்-பர்மா ரயில் பாதையில். அதன் நீளம் 415 கிலோமீட்டர். 60,000-க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை வாங்கப்பட்டு, 12,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அக்கொடுமையை யாரும் குறைத்துரைக்கலாகாது. ஆனால் மலாயாவிலிருந்து மட்டும் கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர் 70,000-க்கு மேற்பட்டவர். அவருட் பெரும்பாலார் தோட்டத்துத் தமிழர். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அவர்கள் பல்லாயிரவராக மடிந்தனர். காஞ்சனபுரியில் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் ஒழுங்காகப் பராமரிக்கப்படுகின்றன. நம்மவர்க்கு அத்தகைய பெயர் பொறித்த வரிசை இல்லை. பாட்டியாரின் தமையன் ஒருவர் அரிசியும் கூலியும் தருவார்கள் என்ற பேச்சை நம்பி லாரி ஏறினவர். மீண்டு வந்திலர்.

இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் அப்படத்தை நாம் மும்முறை கண்டோம். ஆங்கிலத் தளபதியின் தன்மானமும் ஜப்பானியத் தளபதியின் வீறாப்பும் மோதுவது மிக நேர்த்தியாகக் காட்டப்பட்டுள்ளது, மறுப்பதற்கில்லை. ஆனால் நம்மவர் எவரையும் அதிற் காண்கிலோம். தோட்டத்தில் வேலை பார்த்தவர், பால் வெட்டுந் தமிழரை அறியாதவரா பூல்? 1951-இல் தோட்ட வாழ்வையே பொருளாக்கி ஒரு நாவல் எழுதியவர்தாமே? எனினும் அவரை நோவது நம் கருத்தன்று. அவர் தமக்குத் தெரிந்த வெள்ளையரின் மனத்தை எழுதினார். நம் கதையை நாம் எப்போது எழுதினோம்? ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவல் வந்தது 1993-இல். பாதை முடிந்து ஐம்பதாண்டு சென்றபின்! பாட்டும் சண்டையும் கோடிக்கணக்கிற் செலவிட்டு எடுக்கும் சென்னைப் படத்தொழிலார் இக்கதையைப் பெரும்படமாக எடுத்ததை நாம் கண்டதில்லை. அயலான் மறந்ததைப் பற்றி முறையிடுமுன் இதையும் கணக்கில் எழுதவேண்டும்.

பிரெஞ்சுத் தொலைக்காட்சியும் ஒருமுறை தமிழ்நாட்டை எட்டிப் பார்த்தது. லூயி மால் 1968-இல் இந்தியாவெங்கும் சுற்றி எடுத்த ஏழு பகுதித் தொடரில் ஒரு பகுதி சென்னையைப் பற்றியது. அத்தொடரை பி.பி.சி. 1970-இல் ஒளிபரப்பியதும், வறுமையைக் காட்டிவிட்டார் என்று இந்திய அரசு சினந்து, அக்கழகத்தின் தில்லி அலுவலகத்தையே மூடச் செய்தது. கண்ணாடியை உடைத்தால் முகம் திருந்திவிடுமோ? அது கிடக்க. இக்காலத்தில் நம் படத்தொழிலார் பிரெஞ்சுக் கதையை முறையாக உரிமை பெற்றும் எடுக்கின்றனர். 2011-இல் வந்து உலகெங்கும் ஓடிய படமொன்றில், கைகால் அசையாத செல்வனுக்குப் பணிவிடை செய்ய வருபவன் செனகலிலிருந்து குடியேறிய கறுப்பன்; ஓமார் சீ நடித்தார். அதுவே 2016-இல் 'தோழா' ஆயிற்று. நட்பு வந்து சேர்ந்தது. நகைச்சுவையும் வந்து சேர்ந்தது. குடியேறியவன் என்னும் செய்தி மட்டும் வழியில் இறங்கிவிட்டது.

அச்செய்தியை முழுதுந் தாங்கி வந்ததுதான் நண்பர் கேள்வியுற்ற அந்தப் படம். ழாக் ஒதியார் இயக்கிய 'தீபன்', 2015-இல் கான் விழாவின் தலையாய பரிசாகிய தங்கப் பனையைப் பெற்றது. படத்திற் பெரும்பகுதி பேசப்படுவது தமிழ். ஈழப் போரில் தோற்ற போராளி ஒருவன், இறந்துபோன வேறொருவனது பாஸ்போர்ட்டையும் பெயரையும் பெற்று, முன்பின் அறியாத ஒரு பெண்ணையும் தாயற்ற சிறுமியையும் தன் மனைவி மகள் என்று காட்டிப் பிரான்சு சேர்கிறான். தலைவனாக நடித்த ஷோபாசக்தி, இளமையில் இயக்கத்திலிருந்து பின்னர் அந்நாட்டில் தஞ்சம் புகுந்த எழுத்தாளர். விசாரணையில் மொழிபெயர்க்க அமர்ந்த தமிழர், அதிகாரியின் முன்னிலையிலேயே எந்தக் கதை எடுபடும் என்று அவனுக்குத் தமிழிற் சொல்லிக்கொடுக்கும் காட்சி ஒன்றே போதும். இறுதியில் வரும் துப்பாக்கிச் சண்டை நமக்கு உவப்பாயில்லை. அடுக்குமாடி கூட்டுபவனாகவே அவனை விட்டிருக்கலாம். அவ்வளவில் கதை நிறைந்தே இருந்தது.

அன்றிரவு நாம் படம் பார்த்துக்கொண்டிருக்கையில், நம் தோட்டத்துச் செம்பனைப் பிரிவில் வேலை செய்யும் வங்காளதேசத்து இளைஞர் ஒருவர் சன்னலோரம் வந்து நின்றார். நம் பாட்டியார் இருந்த லயத்தில் இப்போது குடியிருப்பவர் அவரே. உள்ளே வருமாறு அழைத்தோம், வரவில்லை. நின்றபடியே முடிவுவரை பார்த்தார். பிறகு மலாய் மொழியில், "அந்தப் பாஸ்போர்ட்டை அவன் கடைசிவரை வைத்திருந்தானா?" என்று கேட்டார். நாம் சற்று விழித்து, "ஆம்" என்றோம்.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் வழக்கம்போற் பெயர் வாசித்தோம். அவர் பெயர் வந்தபோது, ஒரு கணம் கழித்தே கை உயர்ந்தது. நாம் செக்ரோலிற் குறியிட்டு, அடுத்த பெயரை வாசித்தோம்.