இந்தியத் தேசியக் கால்பந்து அணி: பன்னாட்டுப் போட்டி வரலாறு

பன்னாட்டு ஆண்கள் கால்பந்தாட்டத்தில் இந்தியாவின் சார்பில் ஆடும் அணி. 1937-இல் தோன்றிய அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பொறுப்பில் இயங்குகிறது. கூட்டமைப்பு 1948-இல் ஃபிஃபாவில் சேர்ந்தது. 1954-இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு அமைந்தபோது அதன் நிறுவன உறுப்பினர்களுள் ஒன்றாக இருந்தது. ஆசிய விளையாட்டில் இருமுறை தங்கம் (1951, 1962), ஒருமுறை வெண்கலம் (1970), ஒலிம்பிக்கில் நான்காம் இடம் (1956), ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் (1964) ஆகியன இவ்வணியின் தலையாய வெற்றிகள். உலகக் கோப்பையின் இறுதிக் கட்டப் போட்டிகளில் இதுவரை ஆடியதில்லை. மேற்சொன்ன வெற்றிகளில் 1970-இன் வெண்கலம் நீங்கலாக மற்றவை யாவும் பதினான்கு ஆண்டுகளுக்குள் கிடைத்தவை. அந்தக் காலமே இக்கட்டுரையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது.

தொடக்கம்

கால்பந்தாட்டம் இந்தியாவுக்கு வந்தது பிரிட்டிஷ் படைப்பிரிவுகளோடு. கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ், பெங்களூர், செகந்தராபாத் என்று பாசறை இருந்த ஊர்களிலெல்லாம் பந்தும் உருண்டது. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. அதை ஒரு சங்கத்தின் வெற்றியாக மட்டும் அன்றைய வங்காளம் பார்க்கவில்லை; ஆண்டவர்களை அவர்களுடைய ஆட்டத்திலேயே வென்றதாகக் கொண்டாடியது. இந்தியாவின் பெயரில் அணிகள் வெளிநாடு செல்வது 1930-களில் தொடங்கியது. 1938-இல் கருணா பட்டாச்சார்யா தலைமையில் ஆஸ்திரேலியா சென்ற அணி, அந்நாட்டு அணியோடு ஐந்து ஆட்டங்கள் ஆடி ஒன்றில் வென்றது, ஒன்றைச் சமன்செய்தது, மூன்றில் தோற்றது. அணியில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள்.

லண்டன், 1948

விடுதலைக்குப் பின் இந்தியா ஆடிய முதல் பெரிய போட்டி லண்டன் ஒலிம்பிக். நாகா மலையில் பிறந்த மருத்துவர் டாலிமெரன் ஆவ் அணித்தலைவர். பலாய்தாஸ் சாட்டர்ஜி பயிற்சியாளர். ஜூலை 31 அன்று லண்டனை அடுத்த இல்ஃபோர்டில் பிரான்சை எதிர்த்து ஆடினார்கள். பதினொருவரில் எட்டுப் பேர் காலில் பூட்ஸ் இல்லை. முதல் பாதியில் பிரான்ஸ் முந்தியது. இரண்டாம் பாதியில் சாரங்கபாணி ராமன் அடித்த கோலால் ஆட்டம் 1-1 ஆனது. சுதந்திர இந்தியாவின் முதல் பன்னாட்டுக் கோல் அதுதான். அதை அடித்த ராமன் மைசூர் அணிக்காக ஆடிய பெங்களூர்க்காரர். ஆனால் கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் சைலேன் மன்னாவும் மகாபீர் பிரசாத்தும் தவறவிட்டார்கள். கடைசி நிமிடங்களில் பிரான்ஸ் இன்னொரு கோல் அடித்து 2-1 என்று வென்றது. தோற்றாலும், வெறுங்காலால் பந்தை அப்படிக் கட்டுப்படுத்தியதைப் பார்த்த லண்டன் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

1950 உலகக் கோப்பை

இந்திய அணியைப் பற்றி அதிகம் பேசப்படுவதும் அதிகம் பிழையாகப் பேசப்படுவதும் இந்த நிகழ்வே. பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்குத் தகுதிச் சுற்றில் இந்தியாவோடு இருந்த அணிகள் விலகிக்கொண்டதால், இந்தியா ஆடாமலேயே தகுதி பெற்றது. சுவீடன், இத்தாலி, பராகுவே ஆகியவற்றோடு ஒரே பிரிவில் வைக்கப்பட்டது. பிறகு தானும் விலகியது. வெறுங்காலோடு ஆடக்கூடாதென்று ஃபிஃபா தடுத்ததுதான் காரணம் என்று பாடப்புத்தகம் முதல் விநாடிவினாப் போட்டிவரை சொல்லப்படுகிறது. அது உண்மையன்று. இரண்டு ஆண்டுகள் கழித்து ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் இந்தியர் பலர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். பூட்ஸ் கட்டாயம் என்று கூட்டமைப்பு முடிவெடுத்தது அதற்குப் பிறகே.

விலகியதற்கான காரணங்கள் கூட்டமைப்புக்கு உள்ளேயே இருந்தன: அணித்தேர்வில் ஒத்துப்போகாமை, பயிற்சிக்கு நேரமின்மை, பல வாரக் கப்பல் பயணம். இவற்றுக்கெல்லாம் அடியில், ஒலிம்பிக்கைத் தவிர வேறெதையும் பெரிதாக எண்ணாத மனப்போக்கு இருந்தது. பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்கப் பிரேசில் முன்வந்தும் போகவில்லை. அன்று உலகக் கோப்பையின் மதிப்பு தங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்று பிற்காலத்தில் சைலேன் மன்னாவே சொல்லியிருக்கிறார். வெறுங்கால் கதை வீரர்கள்மேல் பழியைப் போட்டு நிர்வாகத்தைத் தப்பவிடுகிறது. அது இன்னும் சொல்லப்பட்டுவருவது அந்தத் தலைமுறைக்குச் செய்யும் அநீதி.

புதுதில்லி முதல் ஹெல்சிங்கி வரை

1951 மார்ச்சில் புதுதில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் சைலேன் மன்னா தலைமையிலான அணி இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் தலா 3-0 என்று வென்றது. இறுதியாட்டத்தில் ஈரானுக்கு எதிராக மேவாலால் அடித்த ஒரே கோல் தங்கத்தைத் தந்தது. அடுத்த ஆண்டு ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோல்வி. ஆறுதல் கோல் அகமது கானுடையது. குளிரும் ஈரமும் நிறைந்த புல்தரையில் வெறுங்கால் நிற்கவில்லை.

1952 முதல் 1955 வரை இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகள் ஆடிய கொழும்புக் கோப்பை இன்று பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. கொழும்பு, ரங்கூன், கல்கத்தா, டாக்கா என்று ஆண்டுக்கோர் ஊரில் நடந்த அப்போட்டியில் நான்கு முறையும் இந்தியாவே வென்றது. முதல்முறை மட்டும் பாகிஸ்தானோடு பகிர்ந்துகொண்டது. 1954 மணிலா ஆசிய விளையாட்டில் முதற்சுற்றோடு திரும்பியது.

ரஹீமின் காலம்

இந்த அணியின் வரலாற்றில் ஒரே ஒருவர் பெயரைத்தான் சொல்லலாம் என்றால் அது சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. தேசிய அணியின் பொறுப்பும் 1950-இலிருந்து அவரிடம் வந்தது. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு தனியாளாக ஓடும் பழக்கத்தை மாற்றி, வந்ததும் தட்டிவிடும் ஆட்டத்தைப் பழக்கினார். வலக்கால் ஆட்டக்காரர் இடக்காலால் மட்டுமே உதைக்கவேண்டும் என்ற விதியோடு போட்டிகளே நடத்தினார். ஐரோப்பாவில் ஹங்கேரி அணி சென்டர் ஃபார்வர்டைப் பின்னுக்கு இழுத்து ஆடிய முறையைக் கவனித்து, அதை இங்கே கொண்டுவந்தார்.

பலன் 1956 மெல்போர்னில் தெரிந்தது. முதல் சுற்றில் ஹங்கேரி வராததால் நேரே ஆஸ்திரேலியாவோடு ஆட்டம். டிசம்பர் 1 அன்று 4-2 என்று வெற்றி. நெவில் டிசோசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர். நான்காவதை அடித்தவர் கிட்டு என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணசாமி. அரையிறுதியில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராகவும் டிசோசாவே முதலில் கோல் அடித்தார். கொஞ்ச நேரம் இந்தியா முன்னிலையில் இருந்தது. பிறகு 1-4 என்று தோற்றது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3. சமர் பானர்ஜி தலைமையில் பெற்ற இந்த நான்காம் இடத்துக்கு அருகில்கூட இந்தியா பிறகு போகவில்லை.

இக்காலத்தைக் கல்கத்தாவின் மூன்று பெருஞ்சங்கங்களின் காலமாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆட்டக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் தெற்கின் பங்கு அதற்குக் குறைந்ததன்று. கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் 1935-இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். இராணுவத்தில் சேர்ந்து நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு ஆடினார். சென்டர் ஃபார்வர்டாகத் தொடங்கிக் கோலுக்கு வந்தவர் அவர். அந்த அணி 1955-இலும் 1958-இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. மெல்போர்ன், ரோம் ஒலிம்பிக்குகளிலும் மூன்று ஆசிய விளையாட்டுகளிலும் தங்கராஜ் இந்தியாவின் கோலைக் காத்தார். 1967-இல் அர்ஜுனா விருது பெற்றார். துளசிதாஸ் பலராம் செகந்தராபாத்துக்காரர். தமிழரான சைமன் சுந்தரராஜ் ரோம் ஒலிம்பிக்கில் ஆடியவர். 1973-இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளர் அவரே.

 

1960 ரோம் ஒலிம்பிக்கில் பி. கே. பானர்ஜி அணித்தலைவர். ஹங்கேரியிடம் 1-2 என்று தோற்ற ஆட்டத்தில் இந்தியாவின் கோல் பலராமுடையது. பிரான்சுக்கு எதிராகப் பானர்ஜி கோல் அடித்து முன்னிலை தந்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் பிரான்ஸ் சமன்செய்தது. பெருவிடம் 1-3. இந்தியா ஆடிய கடைசி ஒலிம்பிக் அதுவே.

ஜகார்த்தா, 1962

ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு இந்தோனேசியா அனுமதி மறுத்ததை இந்திய அதிகாரி ஜி. டி. சோந்தி வெளிப்படையாகக் கண்டித்தார். அதனால் ஜகார்த்தாவில் இந்தியர்மேல் கடும் வெறுப்பு. ரஹீமுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று வென்றார்கள். ஃபுல்பேக் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. உட்காரவைக்க மனமில்லாத ரஹீம் அவரை முன்வரிசைக்கு மாற்றினார். அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்றபோது ஜர்னைலும் ஒரு கோல் அடித்தார்.

செப்டம்பர் 4 அன்று இறுதியாட்டம், மீண்டும் தென்கொரியா. ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் கூடிய அரங்கில் இந்தியாவின் நாட்டுப்பண்ணுக்கே கூச்சல் எழுந்தது. 17-ஆம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜி, 20-ஆம் நிமிடத்தில் ஜர்னைல் சிங் என்று இரண்டு கோல்கள். காய்ச்சலிலிருந்து மீண்டு கோலுக்குத் திரும்பியிருந்த தங்கராஜ் கடைசி நிமிடங்களில் ஒரு கோல்தான் விட்டார். 2-1. சுனி கோஸ்வாமி தலைமையில் இரண்டாம் தங்கம். அரங்கில் தங்களுக்காகக் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள்தான் என்று அணியினர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள்.  இந்தியக் கால்பந்தின் முதல் அர்ஜுனா விருதுகள் பானர்ஜிக்கும் பலராமுக்கும் கோஸ்வாமிக்கும் கிடைத்ததும் இதையொட்டிய ஆண்டுகளில்தான்.

1963 ஜூன் 11 அன்று ரஹீம் காலமானார். அடுத்த ஆண்டு இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில் நான்கு அணிகளே ஆடின. எதிரணிகள் விலகியதால் இந்தியா தகுதி பெற்றிருந்தது. தென்கொரியாவை 2-0, ஹாங்காங்கை 3-1 என்று வென்று, இஸ்ரேலிடம் 0-2 என்று தோற்று இரண்டாமிடம் பெற்றது. அந்த அணியின் பெரும்பகுதி ரஹீம் வளர்த்தது.

இறக்கம்

1970 பாங்காக்கில் நயீமுதீன் தலைமையில் ஜப்பானை 1-0 என்று வென்று பெற்ற வெண்கலம் ஆசிய விளையாட்டில் கடைசிப் பதக்கம். வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் சொல்லலாம். முதன்மையானது உள்நாட்டு அமைப்பின் தேக்கம். உலகம் 90 நிமிடம் ஆடியபோது இந்தியச் சங்கங்கள் நெடுங்காலம் 70 நிமிடம்தான் ஆடின. வெளிநாட்டில் கடைசி இருபது நிமிடங்களில் மூச்சு வாங்கித் தோற்றதில் வியப்பில்லை. நாடு தழுவிய லீக் 1996-இல்தான் வந்தது. ஜப்பானும் கொரியாவும் ஆட்டத்தைத் தொழிலாக்கிய காலத்தில், இந்தியா வங்கி, இரயில்வே, போலீஸ் வேலைகளை நம்பியிருந்தது. 1986 உலகக் கோப்பைக்காகத்தான் முதன்முறையாகத் தகுதிச் சுற்றில் ஆடியது.

1982-இல் தொடங்கிய நேரு கோப்பை அயல்நாட்டு அணிகளை இங்கே வரவழைத்தது. 1993-இல் சென்னையிலும் நடந்தது. 2007, 2009, 2012 ஆகிய ஆண்டுகளில் இந்தியா அதை வென்றது. தெற்காசியக் கால்பந்துக் கோப்பையை 1993 முதல் 2023 வரை ஒன்பது முறை வென்றிருக்கிறது. 1990-களில் தமிழ்நாட்டிலிருந்து ராமன் விஜயனும் சையத் சாபிர் பாஷாவும் தேசிய அணிக்கு ஆடினார்கள்.

அண்மைக் காலம்

2008 ஆகஸ்டில் ஆசிய சேலஞ்ச் கோப்பையின் இறுதியில் தஜிகிஸ்தானை 4-1 என்று வென்றபோது சுனில் சேத்ரி மூன்று கோல்கள் அடித்தார். அதன்வழி 27 ஆண்டுகளுக்குப் பின் 2011 ஆசியக் கோப்பைக்குத் தகுதி கிடைத்தது. மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என்று வென்றதில் சேத்ரியோடு கோல் அடித்த அனிருத் தாப்பாவும் ஜேஜேயும் அப்போது சென்னையின் எஃப்.சி. வீரர்கள். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் ஒரு கோலும் அடிக்காமல் திரும்பினார்கள். சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர் 2023-இல் அணியில் அறிமுகமானார். 2025 அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றதால் 2027 ஆசியக் கோப்பை வாய்ப்புப் போனது.