கிராயாவும் கிரயமும்

தில்லி மயூர் விகாரில் வீட்டை வாடகைக்கு விட்ட நண்பர், "11 மாதத்துக்குக் கிரயப் பத்திரம் போட்டாச்சு" என்றார். பதறிப்போனேன்; வீட்டையே விற்றுவிட்டாரா? அவர் சொல்ல நினைத்தது தில்லிக்காரர்களின் 'கிராயாநாமா', அதாவது வாடகை ஒப்பந்தம். கிராயா, அரபு வழி இந்திக்கு வந்தது. வாடகை என்று பொருள். நாமா பாரசீகம், கடிதம், ஆவணம். நம் ராஜினாமாவிலும் இதே நாமாதான். சம்மதக் கடிதமாக இருந்தது தமிழில் பதவி விலகலாகிவிட்டது. கிரயமோ வடமொழி, விலைக்கு வாங்குதல். ஒலியில்தான் நெருக்கம், உறவு கிடையாது. (ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதியச் சொல்கிறது 1908 பதிவுச் சட்டம், 11 மாதக் கணக்கு அதனால்தான்.) 'குடிக்கூலி' என்று நமக்கொரு பழஞ்சொல் உண்டு, குடியிருப்பதற்கான கூலி. 'குடிக்கூலி ஒப்பந்தம்' என்று எழுதுங்கள் என்றேன் நண்பரிடம்.