பத்தடிக்கு ஒரு நிறம்

பண்டாரவளையிலிருந்து பூனாகலைப் பக்கம் பஸ்ஸில போறவங்க ஜன்னல் வழியா லயங்களைப் பார்த்திருப்பீங்க. ஒரே நீளக் கட்டடம், ஒரே கூரை. ஆனா முன்சுவர் மட்டும் பத்தடிக்கு ஒரு நிறம். ஒரு காம்பரா பச்சை, அடுத்தது ரோஸ், அதுக்கடுத்தது பூச்சே இல்லாம பாசி பிடிச்சுக் கறுத்துக் கிடக்கும். நிறம் மாறுற இடத்துல அடிமட்டம் வச்சு இழுத்தமாதிரி நேர்கோடு. சுற்றுலா வர்றவங்க அழகா இருக்குன்னு படம் எடுத்துட்டுப் போறாங்க. அந்தக் கோட்டுக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கு மேலான ஒரு கணக்கு இருக்கு: இந்தச் சுவரை ரிப்பேர் பண்ண வேண்டியது யாரு?

19ஆம் நூற்றாண்டின் நடுவுல கோப்பிக்காகக் காடு வெட்டினப்போ, தமிழ்நாட்டிலிருந்து வந்தவங்களுக்குக் கிடைச்சது மண்ணும் கம்பும் புல்லும் வச்ச குடிசைகள்தான். கோப்பிக்கு ஆளுங்க பருவத்துக்கு வந்து போனாலே போதும். 1869இல் இலைநோய் வந்து கோப்பி சாய்ந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடிச்ச பிறகு நிலைமை மாறிச்சு. கொழுந்துக்கு வருஷம் முழுக்க, குடும்பத்தோட ஆள் வேணும். அதனால நிரந்தரக் கட்டடமும் வேணும். 1894இல் ரயில் பண்டாரவளைக்கு வந்த பிறகு தகரம் கொண்டுவர்றதும் லேசாச்சு. கருங்கல்லை மண்சாந்துல அடுக்கி, வெளியில சுண்ணாம்பு பூசி, மேல தகரம் போட்டு, 10 அடிக்கு 12 அடி காம்பராக்களை வரிசையாக் கட்டினாங்க.

கட்டின இடம்தான் வினை. தேயிலை வைக்கத் தோதான மண்ணை வீட்டுக்குக் கொடுக்க எந்தத் துரைக்கும் மனசு வராது. சரிவை வெட்டி, வெட்டின மேட்டுக்கு முதுகைக் காட்டின மாதிரி லயத்தை வச்சாங்க. மழை பெய்ஞ்சா மேட்டுத் தண்ணி பின்சுவர் அடிக்கு வரும். அதைப் பிரிச்சு விடப் பின்பக்கம் ஒரு கானு வெட்டியிருப்பாங்க. அந்தக் கானு மண் நிறைஞ்சு, வீட்டுத் தரைய விட உயரமாப் போச்சுன்னா, தண்ணி சுவருக்குள்ள நடக்க ஆரம்பிக்கும். அந்தக் காலத்துச் சுவருக்கு அடியில ஈரத்தைத் தடுக்கிற அடுக்கு எதுவும் கிடையாது. கல்லுக்கு நடுவுல இருக்கிற மண், திரி எண்ணெய் குடிக்கிற மாதிரி ஈரத்தை மேல இழுக்கும். இடுப்பளவுக்குச் சுவர் நனைஞ்சு, பூச்சு பொரிஞ்சு உதிரும். கூரைத் தண்ணியும் சும்மா விடாது. பீலி இல்லாத தகரத்திலிருந்து விழுற தண்ணி தரையில பட்டுத் தெறிச்சு சுவரோட காலை அரிக்கும். (நம்ம ஊர்ல தண்ணி பிடிக்கிற இடத்துக்கும் பீலின்னுதான் பேர், கூரை ஓரத்துல வைக்கிறதுக்கும் பீலின்னுதான் பேர். முதலாவதைத் தேடி அரை மைல் நடந்த எங்க பாட்டிமாருக்கு ரெண்டாவதை யாரும் வச்சுக் கொடுக்கல.)

வெள்ளைக்காரக் கம்பெனி காலத்துல சுவருக்கு வெள்ளையடிக்கிறது, தகரத்துக்குத் தார் பூசுறது, கானு வெட்டுறது எல்லாம் தோட்டத்து வேலை. அன்பால செஞ்சாங்கன்னு நினைச்சுடாதீங்க. நோய் வந்தா பெரட்டுக்கு ஆள் குறையும், அவ்வளவுதான். ஆனா பொறுப்பு யாருடையதுன்னு தெளிவா இருந்துச்சு. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோட தோட்டங்கள் அரசாங்கக் கைக்குப் போச்சு. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளுக்கு மாறிச்சு. நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை கம்பெனியுடையது, குடியிருக்கிறது நாம. இந்த மூணுக்கும் நடுவுல விழுந்துபோனதுதான் பின்கானு. கூரை மாத்துற திட்டங்கள் வந்துச்சு, பல லயங்களுக்குத் தகரத்துக்குப் பதிலா சீட்டு போட்டாங்க. மேட்டுப் பக்கத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தவங்க குறைவு.

அதுக்கப்புறம்தான் குடும்பங்களே தங்கள் கைக்காசைப் போட ஆரம்பிச்சாங்க. கொழும்புக் கடையில நிக்கிற மகன் அனுப்புறது, வெளிநாட்டுல வீட்டுவேலை செய்ற அம்மா அனுப்புறது. பூசக்கூடியது தன் காம்பராவோட முன்சுவர் மட்டும்தான். கூரை பொது, பின்கானு பொது, பக்கச் சுவர் பக்கத்து வீட்டோட பங்கு. பெயின்ட் கோட்டோட நின்னுடும். ஈரம் நிக்காது.

நேரமும் நமக்கு எதிராத்தான் இருக்கு. ஊவாத் தேயிலைக்கு உலகத்துல பேர் வாங்கித் தர்றது ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அடிக்கிற வறண்ட காத்து. சுவர் நல்லா உலர்ற மாசமும் அதுதான். பூசுறதா இருந்தா அப்பதான் பூசணும். ஆனா கையில காசு வர்றது தீபாவளி முற்பணத்தோட. அதுக்குள்ள ஒக்டோபர் மழை இறங்கியிருக்கும். ஈரச் சுவர் மேல பெயின்ட் அடிச்சுப் பண்டிகை கொண்டாடுறோம், தைப்பொங்கலுக்குள்ள அது கொப்புளிச்சு நிக்குது. “மட்டமான பெயின்ட்”னு கடைக்காரரைத் திட்டுறதுல அர்த்தமில்லை.

சிமெந்தும் ஒரு மயக்கம். மண்சாந்துல எழும்பின கல்சுவர் மூச்சு விடணும். சுண்ணாம்புப் பூச்சு உள்ளே போன ஈரத்தை வெளியே விடும். மேல கெட்டியா சிமெந்து பூசினா ஈரம் உள்ளேயே அடைபட்டு, இன்னும் மேல ஏறி, வீட்டுக்கு உட்பக்கமாப் பொரியும். நல்ல மேசன்மாருக்கு இது தெரியும். ஆனா சிமெந்துன்னா பலம், சுண்ணாம்புன்னா ஏழ்மைன்னு நம்ம தலையில ஏறிடுச்சு. என்னைக் கேட்டா, காசு கொஞ்சம்தான் இருக்குன்னா முன்சுவரை விடுங்க. பின்கானுவைத் தரை மட்டத்துக்குக் கீழ இறக்குங்க, அடுத்தது பீலி, ஒரு வறட்சி காயட்டும், கடைசியாப் பூச்சு. வரிசையில உள்ள எல்லா வீடும் சேர்ந்தாத்தான் முதல் வேலையே நடக்கும்.

எல்லா வெடிப்பும் பூச்சு வேலையும் இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில கொஸ்லாந்தை மீரியபெத்தையில மலை சரிஞ்சு லயங்களை மூடிச்சு. அந்த இடம் ஆபத்தானதுன்னு 2005லயும் 2011லயும் எச்சரிக்கை வந்திருந்தது. ரெண்டு மாசம் கழியறதுக்குள்ள, அதே டிசம்பர்ல, உமாஓயாத் திட்டத்துக்காகத் தோண்டின சுரங்கத்துக்குள்ள தண்ணி பீறிட்டுச்சு. பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றி, நிலம் தாழ்ந்து, ஆயிரக்கணக்கான வீடுகள் வெடிச்சுது. 2017 ஜூன்ல பண்டாரவளை டவுனே கடையடைச்சு வீதியில இறங்கினது அதுக்காகத்தான். ஒரு இடத்துல மலைக்குள்ள தண்ணி நிறைஞ்சு கொன்னது, இன்னொரு இடத்துல மலைக்குள்ளிருந்து தண்ணி வடிஞ்சு உடைச்சது. அதனால, படிக்கட்டு மாதிரிக் கோணலா ஓடுற வெடிப்பு, திடீர்னு இறுகிப் போற கதவு, கலங்கி வர்ற ஊற்றுத் தண்ணி, இதெல்லாம் கண்டா சாந்துக் கரண்டியைக் கீழ வச்சிட்டு கிராம சேவகர்கிட்டயும் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கிட்டயும் போங்க. மழை விடலைன்னா முதல்ல வீட்டை விட்டு வெளியேறுங்க.

வெறும் ஈரம்தான்னா யார்கிட்ட போறது? ரொம்ப காலமா பதில், துரைகிட்ட. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தோட 33ஆவது பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள்ள செலவழிக்கக் குறுக்கே நின்னது. லயத்து ஆளுங்க சபைக்கு வாக்குப் போடலாம், ஆனா சபை அவங்களுக்கு ஒரு கானு கட்டித்தர முடியாது. வாக்குரிமைக்கே 1948இலிருந்து தலைமுறைக் கணக்கா அலைஞ்ச சனத்துக்கு இப்படி ஒரு வாக்கு. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினாங்க.

அந்தத் திருத்தம் நம்ம லயங்கள்ல பலருக்கு இன்னும் தெரியாது. இந்த வருஷம் பெயின்ட் வாங்குறதுக்கு முன்ன, வரிசையில உள்ள எல்லா வீட்டுக் கையெழுத்தோட பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்க, பிரதி ஒண்ணு தோட்ட நிர்வாகத்துக்கும். சுவர் நிறத்தைப் பத்தி எழுத வேண்டாம். எத்தனை அடி கானு, எந்தப் பக்கம் வாட்டம், தண்ணி எங்க போய் விழணும்னு எழுதுங்க. மழை நேரத்துல பின்பக்கம் எடுத்த ரெண்டு படத்தையும் சேர்த்து அனுப்புங்க.