தொதவர் மலைக்கு ஏறிய குருவானவர்

நம் பங்கின் வரலாற்றை மலர்க் குழுவினர் வேறு பக்கங்களில் எழுதியிருக்கின்றனர். எந்த ஆண்டில் கோபுரம் எழுந்தது, யார் மணி வாங்கித் தந்தார் என்பதெல்லாம் அங்கே இருக்கின்றன. ஆகையால் நாம் இங்கே வேறொரு பழைய கதையைச் சொல்ல விரும்புகிறோம். நானூறு ஆண்டுகளுக்கு முன் நம் திருச்சபையைச் சேர்ந்த ஒரு குருவானவர், தாம் முன்பின் அறியாத மக்களைத் தேடி மலையேறிய கதை அது.

ஐரோப்பியர் நம் தென்னார்க்காட்டுக்கு வந்தது யாவரும் அறிந்ததே. 1590களின் இறுதியில் சேசு சபையின் விசாரணைக் குருவான நிக்கோலாஸ் பிமெந்தா சிதம்பரத்தையும் செஞ்சியையும் கண்டார். செஞ்சிக்கு ஈடான நகர் போர்த்துக்கலில் லிஸ்பன் நீங்கலாக வேறில்லை என்று வியந்து எழுதினார். ஆனால் அவர் கண்டது கோட்டையும் கொத்தளமும், நாயக்க மன்னரின் கொலுவும். அரசரைப் பார்ப்பது எளிது, வரவேற்க ஆளிருக்கும். காட்டிலும் மலையிலும் வாழ்ந்த குடிகளை ஒரு வெள்ளையர் எதிர்கொண்டபோது என்ன நேர்ந்தது என்பதற்கு நாம் நீலகிரிக்குத்தான் போகவேண்டும்.

உதயம்பேரூர் சங்கம் கூடியது 1599-இல். அதன்பின் அங்கமாலி மேற்றிராணியாராக வந்தவர் பிரான்சிஸ் ரோஸ். மலைக்கு மேலே ‘தொதமலை’ என்றொரு நாடு உண்டு, முற்காலத்தில் பிரிந்துபோன கிறிஸ்தவர்கள் வழிபாடு மறந்து அங்கே வாழ்கின்றனர் என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. 1602-இல் ஒரு குருவையும் ஒரு தியாக்கோனையும் அனுப்பிப் பார்த்தார். அவர்கள் நம்பிக்கையூட்டும் சேதியோடு திரும்பினர். அதை உறுதி செய்துகொள்ளக் கள்ளிக்கோட்டையிலிருந்து அனுப்பப்பட்டவரே சேசு சபைக் குரு ஜாக்கொமோ பெனிச்சியோ. இத்தாலியின் காப்புவா ஊரார், மலையாளம் நன்கறிந்தவர்.

மன்னார்க்காடு வழியாகக் காடும் செங்குத்தும் கடந்து அவர் மேலே சென்றார். இன்று மேட்டுப்பாளையத்தில் பேருந்து ஏறித் தூங்கிக்கொண்டே உதகை சேரும் நமக்கு அந்தப் பாடு விளங்காது. முதலில் எதிர்ப்பட்டோர் படகர். அவர்கள் வீட்டில் கோழி, ஆடு, மாடு, கடுகு, பூண்டு, தேன் எல்லாம் இருந்ததாக எழுதினார். படகர் அம்மலையில் அப்போதே குடியேறியிருந்தனர் என்பதற்கு அறிஞர் இன்றும் காட்டும் சான்று இந்தக் கடிதமே.

அடுத்து தொதவர். நீண்ட தாடியும் தோளில் புரளும் கூந்தலுமாக அவர்களுடைய எருமைப் பூசாரி எதிரே அமர்ந்திருந்தார். கழுத்தில் மணி கட்டிய எருமைக்கு அவர்கள் பால் படைத்து வணங்குவதைக் குருவானவர் குறித்துக்கொண்டார். உயர்ந்த பால்மனையின் பூசாரி அப்பணியில் உள்ளவரை இல்லறம் நீங்கி, ஊரைவிட்டு ஒதுங்கியிருக்க வேண்டும் என்பது தொதவர் நெறி. ஆக, அன்று எதிரெதிரே அமர்ந்தவர் இருவரும் துறவு பூண்டவர்களே. அந்த ஒப்புமை நம் குருவானவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. சகோதரர் இருவர் ஒரு மனைவியோடு வாழ்வதையும் கண்டு எழுதினார். பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியும் நூல்கண்டுகளும் கொடுத்தார்; அவர்கள் மகிழ்ந்தனர்.

ஆனால் சிலுவை இல்லை, செபம் இல்லை, தேடி வந்த கிறிஸ்தவர் ஒருவரும் இல்லை. வழியோ கொடியது, மலையாள நாட்டிலேயே செய்யவேண்டிய பணி மலைபோல் கிடக்கிறது என்று கருதி இறங்கினார். 1603 ஏப்ரல் முதல் நாளிட்டுத் தம் மேலவருக்கு எல்லாவற்றையும் எழுதினார்.

பெனிச்சியோ நேர்மையானவர் என்றே நாம் கருதுகிறோம். இல்லாததை இருப்பதாக எழுதி ரோஸ் ஆண்டகையை மகிழ்விக்கவில்லை. பிற்பாடு 1609-இல் மலையாள நாட்டு இந்து சமயத்தைப் பற்றிப் பெரிய நூலே எழுதி முடித்தார். டச்சுப் போதகர் பால்தேயுஸ் அதிலிருந்து பெயர் சொல்லாமலே அள்ளிக்கொண்டார் என்பது வேறு கதை. ஆயினும் தொதவர் மலையில் அவர் தேடியது தொதவரை அன்று, தம்மவரை. எதிரே இருந்தவரிடம் தம் முகத்தைத் தேடினார், காணாததால் திரும்பினார்.

நம் ஊர்ச் செராமிக் தொழிலாளர்க்கு இது எளிதில் விளங்கும். கூழாய்க் கரைத்த களிமண்ணை அச்சில் வார்த்தால் அச்சின் உருவம்தான் வரும். மண் எந்த ஊர் மண் என்று பொம்மை சொல்லாது. (நீலகிரியிலும் மண்பாண்டம் உண்டு. கோத்தர் குடிப் பெண்களே வனைவர். தொதவர்க்கு அவர்களிடமிருந்தே பானைகள் வந்தன.)

பெனிச்சியோவைக் குறை சொல்லும் தகுதி நமக்கும் இல்லை. குருப்பட்டம் பெற்ற புதிதில், மணிமுத்தாற்றங்கரையில் ஓர் இருளர் குடியிருப்புக்குத் துணிமணிகள் எடுத்துக்கொண்டு போனோம். “ஐயா, நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்கள்?” என்று ஒரு பெரியவரிடம் கேட்டோம். “கன்னிமாருங்க சாமி” என்றார். அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நமக்கு மாலைத் திருப்பலிக்கு நேரமாகியிருந்தது. குறிப்பேட்டில் ‘மதம் ஏதுமில்லை’ என்று எழுதிக்கொண்டு மிதிவண்டியில் ஏறினோம். அக்குறிப்பேடு இன்னும் நம் பெட்டியில் இருக்கிறது. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்ததைக் குருமடத்தில் படித்து, தேர்வும் எழுதித்தான் வந்திருந்தோம்.

பெனிச்சியோவுக்குப்பின் இருநூறு ஆண்டுகள் தொதவர் மலைக்கு ஐரோப்பியர் வரத்து இல்லையென்றே சொல்லலாம். 1812-இல் நில அளவையாளர் வந்தனர். 1819-இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் ஏறினார். அவர் யாரையும் தேடவில்லை. குளிரையும் நிலத்தையும் கண்டார். ஏக்கர் ஒரு ரூபாய்க்குத் தொதவரிடம் வாங்கினார் என்பர். மந்தைகள் மேய்ந்த புல்வெளியில் தேயிலையும் சீகை மரமும் தைல மரமும் ஏறின. வெறுங்கையோடு திரும்பிய குருவானவரால் தொதவர்க்கு ஒரு கேடும் விளையவில்லை என்பதையும் நாம் சொல்லத்தான் வேண்டும்.

பெனிச்சியோவின் கடிதம், ரிவர்ஸ் என்னும் ஆங்கில ஆய்வாளர் தொதவரைப் பற்றி 1906-இல் வெளியிட்ட நூலின் பின்னிணைப்பாக வந்தது. குருவானவர் சொன்னதைப் படிக்கிறோம். அன்று அந்தப் பூசாரி தம் மக்களிடம் திரும்பிப்போய் என்ன சொன்னார் என்பதை எழுதி வைக்க ஆளில்லை.

தொதவர் இன்று சுமார் இரண்டாயிரம் பேரே. அவர்தம் கறுப்பு சிவப்புப் பூத்தையல் 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. யூபிலி முடிந்ததும் உதகைக்குச் செல்லவிருக்கும் நம் இளைஞர் மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: மந்துக்குள் கேளாமல் நுழையாதீர்கள். பால்மனைக்கு அருகே போகாதீர்கள், அது அவர்களுக்குக் கோவில். படம் எடுக்குமுன் உத்தரவு கேளுங்கள். போர்வை வாங்கினால் பேரம் பேசாமல் வாங்குங்கள். யாரேனும் பெரியவர் பேச ஆரம்பித்தால், பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள்.