இலங்கையின் முதல் உலகச் சம்பியன் லாபீர்

இலங்கைக்கு முதலில் உலகப் பட்டம் கிடைத்தது 1996 இல், கிரிக்கெட்டில் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்னரே, 1973 இல் பம்பாயில் நடைபெற்ற உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் எம்.ஜே.எம். லாபீர் சம்பியனானார். அப்போது அவருக்கு வயது 43.

பில்லியர்ட்ஸ் மேசையில் மூன்றே பந்துகள். ஓர் அடி தவறினால் ஆட்டம் எதிராளியிடம் போய்விடும். அப்போட்டியில் லாபீர் ஒருமுறை இடைவிடாது 859 புள்ளிகள் குவித்தார்.

1981 இல் அவர் காலமானார். நாட்டின் முதல் உலகச் சம்பியன் ஒரு முஸ்லிம். இந்த நாடு யாருக்குச் சொந்தம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுக்கு வருகிறார்.