கொல்லையில் கிடைக்கும் காசு யாருக்குச் சொந்தம்?



மெட்டல் டிடெக்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளிநாட்டில் பழங்காசு தேடும் வீடியோக்களை உங்களில் சிலர் எனக்கு அனுப்பியிருந்தீர்கள். "திருவொற்றியூரில் எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடிக்கப் போகிறோம் டீச்சர், கொல்லையில் தேடிப் பார்க்கலாமா?" என்று ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். பதில் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

நம் பக்கத்து மண்ணில் காசு இருக்குமா? இருக்க வாய்ப்புண்டு. ஒற்றியூர்க் கோயில் கல்வெட்டுகளில் விளக்கு எரிக்கப் பொன் கொடுத்த செய்திகள் உள்ளன. வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் வணிகம் செய்தார்கள். தெற்கே தங்கசாலையில் நாணயச் சாலை 1869 வரை இயங்கியது. வங்கி இல்லாத காலத்தில் சேமிப்பைப் பானையில் போட்டுப் புதைப்பது வழக்கம். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள்; 1758இல் லாலி மறுபடியும் முற்றுகையிட்டார். இப்படிப்பட்ட நாட்களில் புதைத்தவர்கள் எல்லோரும் திரும்பி வந்து எடுத்திருப்பார்களா என்ன?

அன்றைய கணக்கு இது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். பெருக்கினால் வராகனுக்கு 3,360 காசு. நம் 'காசு' என்ற சொல்லையே 'கேஷ்' என்று ஆங்கில எழுத்தில் பொறித்து, கம்பெனி பர்மிங்காமில் செப்புக்காசு அடித்து வரவழைத்தது. 1808ஆம் ஆண்டு பொறித்த 10 காசு, 20 காசு நாணயங்களோடு சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரமே மணல் திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகளை லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். கப்பலோடு சேர்ந்து கிடைத்ததால்தான் அவை எங்கே போக வேண்டியவை, ஏன் போகவில்லை என்பது நமக்குத் தெரிகிறது.

இன்னும் நெருக்கமான உதாரணம் நம் மாம்பலம். அங்கே கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுகளோடு, ரோமப் பேரரசர் அகஸ்டஸின் வெள்ளிக்காசு ஒன்றும் இருந்தது. முத்திரைக் காசில் அரசர் பெயரும் இருக்காது, ஆண்டும் இருக்காது. அகஸ்டஸ் ஆண்டது கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை. ஆகவே அந்தக் குவியல் அதற்கு முன்னால் புதைக்கப்பட்டிருக்க முடியாது. அந்த ஒரு காசை மட்டும் யாராவது தனியே எடுத்து விற்றிருந்தால் மற்றவை வாய் பேசாமல் போயிருக்கும்.

இனி சட்டம். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு தனக்கு வேண்டுமென்று எடுத்துக்கொண்டால், பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தரவேண்டும். கண்டெடுத்தவர் என்பது வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கடப்பாரை பிடித்த கூலித் தொழிலாளியாகவும் இருக்கலாம். அவர் பங்கை மறைப்பது இரட்டைத் தவறு.

2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் குழி தோண்டியபோது ஒரு பாத்திரத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. எடை 1.716 கிலோ. தோண்டியவர்கள் மறைக்கவில்லை, எண்ணி, எடை போட்டு, அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள்.

ஆகவே, தம்பி, அந்தக் கருவியை வாங்க வேண்டாம். நம் பக்கத்து மண்ணில் அது ஆணிக்கும் இரும்புத் துண்டுக்கும்தான் ஓயாமல் கத்தும். அதை நம்பிக் கண்ட இடத்தில் தோண்டினால் மண் அடுக்கு கலைந்துவிடும். அஸ்திவாரம் தோண்டும்போது நீங்கள் கூடவே நில்லுங்கள். ஏதாவது தென்பட்டால் வேலையை நிறுத்துங்கள். கிடந்தபடியே படம் எடுங்கள், ஆழத்தை அளந்து எழுதுங்கள், உடைந்த பானை ஓட்டையும் எறியாதீர்கள். புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்கவே கூடாது. எழுத்தும் சேர்ந்து போய்விடும். பிறகு கலெக்டர் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

பழங்காசு பார்க்க ஆசையென்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். உங்கள் வீட்டில் தாத்தா, பாட்டி வைத்துப்போன பழைய காசு இருந்தால், கழுவாமல் இரண்டு பக்கமும் படம் எடுத்துக் கீழே போடுங்கள். எனக்குத் தெரிந்தவரை படித்துச் சொல்கிறேன்.