ஓசை அடக்கிய துவக்கு

ஆயுதங்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அவற்றின் வேகத்தையும் தூரத்தையுமே அளந்தனர். ஓசையை அளந்தார் மிகச் சிலர். ஆயினும் துவக்கினால் ஆளப்பட்ட மக்கள் அதனை முதலில் அறிந்தது செவியினாலேயாம். இரத்தினபுரி, கேகாலைப் பகுதி இறப்பர்த் தோட்டங்களில் வாழ்வோர்க்கு இஃது எளிதில் விளங்கும். வைகறையிற் பிரட்டுக்கு அழைப்பது தப்பொலி; இரவிற் காட்டுப்பன்றியை விரட்டுவது வெடியொலி. ஒரு பள்ளத்தாக்கில் எழும் வெடி எதிர்மலையில் மோதி மீளும்பொழுது அங்குள்ள லயங்கள் அனைத்தும் அதற்குச் சாட்சியாகின்றன. அச்சாட்சியை அழிக்கவல்லதெனப் பேசப்பட்ட கருவியொன்றின் வரலாற்றை இங்கு நோக்குவோம்.

பழங்காலத்தில் வெடியோசை ஒரு குறையாகக் கருதப்படவில்லை. போர்த்துக்கேயர் வந்த பின்னர்த் துவக்குச் செய்யும் தொழிலை விரைவிற் கற்றுத் தேர்ந்த சிங்களக் கம்மியர், விசைப்பொறியை இடப்புறம் அமைத்து, அடிக்கட்டையைச் சுருள்வடிவிற் செதுக்கி, தந்தமும் வெள்ளியும் பதித்தனர். ஓசையைக் குறைக்க அவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை. பகைவனை அஞ்சுவிப்பதிற் குண்டுக்கு உள்ள பங்கு வெடிக்கும் உண்டன்றோ?

ஓசையை அடக்கும் எண்ணத்தை வெற்றியாக்கியவர் ஒரு விசித்திரமான குடும்பத்திற் பிறந்தார். அமெரிக்காவின் மேயின் மாநிலத்திற் பிறந்து இலண்டனிற் குடியேறிய ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம் 1884 இல் தானியங்கு இயந்திரத் துவக்கை ஆக்கினார். 1893 இல் மத்தபெலே நாட்டிலும் 1898 இல் ஓம்துர்மானிலும் ஆபிரிக்க மக்கள் திரள்திரளாக வீழ்ந்தது அதன் முன்னிலையிலேயே. 1901 இல் அவருக்குச் சேர் பட்டம் கிடைத்தது. ஆனால், பல்லாண்டு தம் துவக்கின் அருகே நின்று செவிப்புலனை அவர் பெரிதும் இழந்திருந்தார். அவருடைய மகன் ஹைரம் பேர்சி மாக்சிம் (1869–1936) ஓசையடக்கியை ஆக்கி, 1909 மார்ச்சு 30 இல் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். நீராடிய தொட்டியிலிருந்து நீர் சுழன்று வடிவதைக் கண்டபொழுது இக்கருத்துத் தோன்றியதென்று கூறுவர். தந்தையின் செவிட்டுத்தன்மை மகனைத் தூண்டியதோ என ஐயுறுவது மனித இயல்பு. அதனை நிறுவுதற்குச் சான்று வேண்டும்.

கருவியின் தத்துவம் எளிது. சோடாப் போத்தலைச் சட்டெனத் திறந்தால் வாயு வெடித்தெழும். மெல்லத் திறந்தாற் சீறி அடங்கும். குண்டின் பின்னே அடைபட்டு வரும் வெப்பவாயுவை வெளிக்காற்றில் ஒருங்கே பாயவிடாது, குழாயின் முனையிற் பூட்டிய உறையினுட் பரவிக் குளிரச் செய்வதே ஓசையடக்கியின் தொழில். மோட்டார் வண்டியின் புகைக்குழாயும் இத்தத்துவத்தின்படியே அமைந்தது. நம்மூர் லொறிக்காரரும் அதனைச் ‘சைலன்சர்’ என்றே அழைக்கின்றனர். மாக்சிமின் கம்பனியும் பிற்காலத்தில் துவக்கை விட்டு இயந்திரங்களின் இரைச்சலை அடக்குவதிலேயே ஈடுபட்டது.

ஆனால் ‘ஓசையற்ற துவக்கு’ என்னும் பெயர் மிகைக் கூற்றாகும். ஒலி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்லும். பிரித்தானியப் படையின் லீ-என்ஃபீல்டுக் குண்டோ அதனினும் இருமடங்கு விரைந்து சென்றது. அவ்வாறு ஒலியை முந்தும் குண்டு காற்றைக் கிழித்துச் செல்லுமிடமெங்கும் எழுப்பும் ஓசையை எந்த உறையும் அடக்காது. இதனை உணர்ந்த வில்லியம் டி லைல் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் இரண்டாம் உலகப் போரின்போது, லீ-என்ஃபீல்டின் உடலிற் கைத்துவக்கின் மந்தமான தோட்டாவைப் பொருத்தி, குழாயையே உறையால் மூடினார். இலண்டனில் ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து தேம்சு நதியை நோக்கிச் சுட்டுப் பார்த்தபொழுது, கீழே தெருவிற் சென்றோர் எதையும் அறிந்திலர் என்பர். அமைதிக்கு ஈடாக எட்டும் தூரத்தையும் விசையையும் இழக்க நேர்ந்தது.

பாரமும் நீளமும் மற்றொரு தொல்லை. துவக்கின் நுனியிற் கட்டிய சிறு பாரமும் ஏந்திய கையைச் சோர்விக்கும். மாக்சிம் 1910 ஆம் ஆண்டு வகையிற் குறிபார்ப்பதற்கு மறைப்பின்றித் துளையை மையத்தினின்றும் விலக்கி மேலே அமைத்தார். இந்நாளிலே தைத்தேனியம் போன்ற உலோகங்களாற் பாரம் பெரிதும் குறைந்துள்ளது. பின்லாந்து முதலிய நாடுகளில் வேட்டையாடுவோர் செவியைக் காக்கவே இதனைப் பூட்டுகின்றனர். ஏறக்குறைய 160 டெசிபெல் ஓசை 130 அளவிற்கு இறங்கும். இது நியாயமான பயனே. ஆனால் வேட்டைக்காரன் செவிக்கு நன்மையானது, சுடப்படுவோர் சுற்றத்தார் செவிக்கும் நன்மையாகுமோ?

1915 இல் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலகம் சப்பிரகமுவ மாகாணத்துக்கும் பரவியது. ஜூன் 2 இல் இராணுவச் சட்டம் பிறந்தது. பஞ்சாப்பியச் சிப்பாய்களும் ஐரோப்பியத் தொண்டர்களும் விசாரணையின்றிச் சுட்டுக்கொன்றனர். கொலைகள் மறைவில் நிகழ்ந்தவையல்ல. ஊர் கேட்க நிகழ்ந்தவை. கேட்டோர் சொல்லியதனாலேயே சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையிலும் தமது நூலிலும் அவற்றை உலகறியச் செய்ய இயன்றது. அரசாங்கம் கண்ட மருந்து வேறு: 1916 இல் துவக்குச் சட்டம் இயற்றப்பட்டது.

1940 சனவரியில் அயலிலுள்ள மத்திய மாகாணத்தின் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்திற் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானார். விசாரணைக்குழு அமைந்தது, கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா இறந்தவர் பக்கம் வாதிட்டார். துரைமாரின் பேரேட்டில் தம் சொல்லுக்கு இடமில்லாத மக்கள், இத்தகைய விசாரணைகளிற் கொண்டுசெல்லக் கூடியது தாம் கண்டதும் கேட்டதுமேயாம்.

டி லைல் துவக்குகள் ஏறக்குறைய 130 மட்டுமே செய்யப்பட்டன. அவற்றுட் சில, 1948 இல் தொடங்கிய மலாயா அவசரகாலப் போரிற் பயன்பட்டன. அந்நாட்டு இறப்பர்த் தோட்டங்களிற் பால் வெட்டியோரிற் பெருந்தொகையினர் நம் தமிழரே. அங்கே மரங்களினிடையே ஒருவன் வீழ்ந்தால், அடுத்த நிரையிற் பால் வெட்டி நின்றவனும் அதனைக் கேட்டிருக்கமாட்டான்.